புதுப்பிப்பு: எம்.டெக். கேட் உதவித்தொகை கணக்கில் ஏறிவிட்டது

கேட் (GATE) நுழைவுத்தேர்வில் தேர்ச்சி பெற்று எம்.டெக். சேர்ந்தும், மாதம் ரூ.12,400 ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) முதுநிலை உதவித்தொகை கணக்கில் ஏறவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பணம் வந்துவிட்டது.

கல்லூரி சரிபார்ப்பைப் பார்க்கச் சொன்னீர்கள். அது முன்பே முடிந்திருந்தது. கைகொடுத்தது, ஆதாரின் இணையதளமான மைஆதாரில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். கிளையில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு தம்பி" என்றார்கள். தளத்திலோ, பள்ளிக் காலத்தில் நான் கணக்குத் தொடங்கிய வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் என்பிசிஐ (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பட்டியலிலும் அந்த வங்கி ஏறியிருக்க வேண்டும். கிளையில் ஆதார் சீடிங் (அந்தப் பட்டியலில் வங்கியை ஏற்றுவது) ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்ததும் பெயர் மாறியது. அடுத்த தவணையோடு நிலுவையும் சேர்ந்து வந்தது.

எதிர்பாராத ஒன்று: அந்தப் பட்டியலில் ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். உங்கள் பெயரில் கேஸ் மானியம் வந்தால் அதுவும் புதுக் கணக்குக்குப் போய்விடும், வீட்டில் சொல்லிவையுங்கள். ஜன்தன், கூட்டுக் கணக்குகள் இந்த உதவித்தொகைக்குச் செல்லாது. சொந்தப் பெயரில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வேண்டும்.