தங்கச்சிமடத்து மணலும் அதன் அடியில் நிற்கும் தண்ணீரும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் மல்லிகையில் பெரும்பகுதி, தங்கச்சிமடத்து மணலில் வேர் பிடித்த நாற்றுகளிலிருந்து வளர்ந்த செடிகளில் பூத்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவுக்கு நம் இராமேசுவரம் தீவுதான் நாற்றங்கால் என்பது மதுரையிலேயே குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியவில்லை. ஆகவே நம் ஊர் நிலத்தைப் பற்றிச் சிறிது எழுதத் தோன்றியது.

வடக்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, மேற்கே மண்டபத்திலிருந்து நம்மைப் பிரிக்கும் பாம்பன் கால்வாய் என மூன்று பக்கமும் நீர் சூழ்ந்து, தென்கிழக்கே அரிச்சல்முனை வரை வால்போல் ஒடுங்கிச் செல்லும் இந்தத் தீவில் ஆறு என்று ஒன்று கிடையாது. மதுரையைக் கடந்து வரும் வைகையும் இராமநாதபுரம் பக்கமே முடிந்துவிடுகிறது. நமக்கு வாய்த்ததெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மணலும்தான்.

மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்ததால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதை இதிலிருந்தே அறியலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்து, வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்த தனுஷ்கோடியில், இன்றும் மீனவக் குடும்பங்கள் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கின்றன. இரு கடலுக்கும் இடையே அவ்வளவு குறுகிய நிலத்திலும் மணல் தன் வேலையைச் செய்கிறது.

நம் ஊர்ப் பக்கம் கட்டப்படும் புது வீடுகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டு, ஆழத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கி மோட்டார் வைத்தால், சில ஆண்டுகளில் உப்புநீர்தான் வரும். பக்கத்து வீட்டுக் கிணறும், அதை நம்பிய நாற்றங்காலும் சேர்ந்தே கெடும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிப் பூர்வீக மனையில் வீடு கட்டும் உறவுகள், பழைய உறைகிணற்றைத் தூர்க்காமல் கூரைநீரை வடிகட்டி அதில் விடவும், முற்றத்தை மணலாகவே விடவும் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுகிறேன்.