தாத்தாவின் சுருள்கல்லும் அத்தையிடம் இருந்த துண்டும்

நான்: அனைவருக்கும் வணக்கம். பெரியப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் சுருள்கல், இதுவரை யாரும் விவரிக்காத ஓர் அம்மோனைட் (சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிர்) இனமாக இருக்கலாம் என்று நானும் என் நெறியாளரும் கருதுகிறோம். கட்டுரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கல் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்ந்து பதிவெண் பெற்றால்தான் அதை ஆய்விதழுக்கு அனுப்ப முடியும். இந்த வாரத்துக்குள் உங்கள் முடிவு தெரிய வேண்டும்.

பெரியப்பா: போன வருடம் படம் எடுக்கக் கேட்டாய், கொடுத்தேன். இப்போது நிரந்தரமாகவே கேட்கிறாயா அம்மா?

நான்: ஆமாம் பெரியப்பா, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய இனத்துக்கு வைக்கும் பெயரை ஒரே ஒரு மாதிரியோடு பிணைக்க வேண்டும். அதைத்தான் ஹோலோடைப் என்கிறோம். விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பின்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் இனப் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால், எது ஹோலோடைப், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். அதை ஆய்வாளர்கள் அணுகக்கூடிய நிறுவனத்தில் வைக்கும்படி விதித்தொகுப்பு பரிந்துரைக்கிறது. என் அளவுகளை ஐம்பது வருடம் கழித்து ஒருவர் சந்தேகித்தால், அவர் இதே கல்லைக் கையில் எடுத்து அளந்து பார்க்க முடிய வேண்டும்.

அத்தை: வீட்டைப் பிரித்தபோது அந்தப் பெட்டி முழுவதும் அண்ணாவுக்குத்தான் போனது. அன்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியப்பா: அதை இப்போது எடுக்க வேண்டாம்.

சித்தப்பா: நீ அனுப்பிய படத்தில் கல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கிறதே, எதையாவது பூசிவிட்டாயா?

நான்: கல்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை சித்தப்பா. கறுத்து மினுங்கும் கல்லில் வெளிச்சம் பட்டால் பளபளப்புதான் படத்தில் விழும். விலா எலும்புபோல ஓடும் வரிகள் தெரியாது. அதனால் அம்மோனியம் குளோரைடு உப்பைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கி, எழும் வெண்புகையைக் கல்மேல் ஊதுவோம். மெல்லிய படலம் படிந்து ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கும். படம் எடுத்ததும் தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன்: பெயர் தாத்தாவுடையதுதானே?

அத்தை: கல்லைக் குவாரியில் கண்டெடுத்தவர் அம்மா. அப்பா அதைப் பெட்டியில் வைத்துக் காத்தார். இரண்டும் ஒன்றல்ல.

நான்: அறிவியல் பெயரில், ஆண் பெயராயின் ஈற்றில் 'ஐ' வரும், பெண் பெயராயின் 'ஏ' வரும், இருவரையும் சேர்த்துக் குறித்தால் 'ஓரும்' வரும். இருவருக்கும் சேர்த்து வைக்கவே எனக்கு விருப்பம்.

அண்ணன்: உன் பெயரையே வைத்துவிடலாமே?

நான்: விதி தடுக்கவில்லை அண்ணா, ஆனால் தம் பெயரைத் தாமே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. பெயரைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மோனைட் உயிரோடிருந்தபோது ஓட்டின் கடைசி அறையில் மட்டுமே வாழ்ந்தது. பின்னால் விட்டுவந்த அறைகள் மிதப்பதற்காக வாயு நிரம்பியவை. அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடம்தான், இலை விளிம்புபோல நெளிந்து தெரியும் தையல்கோடு. பெரியப்பாவிடம் உள்ள கல்லில் உடைந்த விளிம்புவரை தையல்கோடுகள் இருக்கின்றன. ஆகவே வாழும் அறை முழுவதும் உடைந்து போயிருக்கிறது. கடைசி மூன்று கோடுகள் நெருங்கி நிற்பதால், அது சிறியதானாலும் வளர்ந்து முடிந்த உயிர் என்று நினைக்கிறோம்.

அண்ணன்: வாழும் அறை இல்லாவிட்டால் என்ன குறை?

நான்: ஒரே இனத்தில் பெரிய ஓடும் சிறிய ஓடும் இருப்பதுண்டு; அவை பெண்ணும் ஆணுமாக இருக்கலாம். ஜுராசிக் காலச் சிறிய ஓடுகள் பலவற்றின் வாய் விளிம்பில், இரு பக்கமும் நாக்குபோன்ற நீட்சி இருக்கும். முன்பு இந்த இரு வடிவங்களையும் வெவ்வேறு இனங்களாகவும், வெவ்வேறு பேரினங்களாகவும்கூடப் பெயரிட்டு வந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அம்மோனைட் ஆய்வாளர்களான மகோவ்ஸ்கியும் காலமனும் எழுதிய பிறகுதான் ஜோடி சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வலுப்பெற்றது. வாய் விளிம்பு மட்டும் கிடைத்திருந்தால் நம் கல் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

அத்தை: அந்த உடைந்த துண்டு என்னிடம் இருக்கிறது.

பெரியப்பா: தொலைந்துபோனது என்றல்லவா அன்று எல்லோரிடமும் சொன்னாய்?

அத்தை: பெட்டி உங்களுக்குப் போனது. அம்மாவின் நினைவாக இதையாவது வைத்துக்கொண்டேன்.

சித்தப்பா: அக்கா, ஏழு வயதில் நான் கைதவறிப் போட்டு உடைத்ததற்கும், துண்டைத் தொலைத்ததற்கும் சேர்த்து இன்றுவரை பேச்சு கேட்டு வருகிறேன். ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

அத்தை: (படம்) (படம்) பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருக்கிறேன், போதுமா?

நான்: போதும் அத்தை, மிக்க நன்றி. இதில் தையல்கோடே இல்லை, ஆகவே இது வாழும் அறைதான். வரிகள் வாயை நோக்கி மங்குகின்றன. ஓரத்தில் சிறு கரண்டிபோல ஒன்று நீண்டிருக்கிறது. அதுதான் நான் சொன்ன நீட்சி. இனி, இதே படுகையில், அதாவது இதே பாறை அடுக்கில், கிடைக்கும், ஏற்கெனவே பெயருள்ள பெரிய இனத்தின் உட்சுற்றுகளோடு நம் கல்லின் உட்சுற்றுகளை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் முதலில் வைத்த பெயரே நிற்கும். புதிய பெயருக்கு இடமில்லை. ஒத்துப்போகாவிட்டால் கட்டுரை முன்பைவிட உறுதியாக நிற்கும்.

பெரியப்பா: பழைய பெயர்தான் என்றால் கல்லைக் கொடுக்க வேண்டியதில்லையே?

நான்: அப்போதும் கொடுத்தால் நல்லது பெரியப்பா. ஒரு பெரிய ஓட்டுக்குச் சிறிய ஜோடி எது என்று காட்டும் மாதிரியும் பிறர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். கல்லின் அடியில் பாட்டி ஒட்டிய சீட்டில், மேலிருந்து மூன்றாவது படுகை என்று அவர் கையால் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி இல்லையென்றால் கல்லின் வயதையே சொல்லியிருக்க முடியாது. கட்டுரையின் முதல் பக்கத்தில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

அத்தை: அம்மாவின் கையெழுத்து இன்னும் அதில் இருக்கிறதா?

பெரியப்பா: இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துண்டை எடுத்துக்கொண்டு வா, சேர்த்துப் பார்ப்போம். கொடுப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அத்தை: வருகிறேன் அண்ணா. துண்டை நானே வைத்துப் பார்க்கிறேன்.

சித்தப்பா: நானும் வருகிறேன். பசை வாங்கி வரட்டுமா?

நான்: வேண்டாம் சித்தப்பா, தயவுசெய்து ஒட்டிவிடாதீர்கள். உடைந்த முகத்தில்தான் கடைசித் தடுப்புச்சுவர் தெரியும். அதை நான் இன்னும் வரைந்து முடிக்கவில்லை.