மேகம் பட்ட சட்டை ஈரமா இல்ல வெறும் சில்லுன்னு இருக்கா?

காப்பிக்களம், ஏற்காடு:
நேத்து பையனோட யூனிஃபார்ம் சட்டையைக் கொடியிலருந்து எடுத்தேனுங்க. மழைன்னு ஒரு பொட்டு இல்ல, மூணு மணிக்கே மேகம் எறங்கிருச்சு, அவ்ளோதான். அவன் "ஈரம், போடமாட்டேன்"ங்கறான், நான் "ஈரமில்ல சாமி, சில்லுன்னு இருக்கு"ங்கறேன், ராத்திரி வரைக்கும் ஒரே சண்டை. சொட்டல, பிழிஞ்சா ஒண்ணும் வரல. இதை எப்படிங்க ஈரம்னு சொல்றது?

அஸ்தம்பட்டி டீச்சர்:
நான் பையன் பக்கம். மேகம்ங்கறதே பொடிப்பொடி தண்ணித்துளிதானே, சட்டை அதுக்குள்ளயே தொங்கிருக்கு. ஆனா கையை மட்டும் நம்பாதீங்க, ரெண்டு பேரும்தான். நம்ம தோலுக்கு சூடு, குளிர், அழுத்தம் தெரியும், ஈரத்துக்குன்னு தனி நரம்பே கிடையாது. குளிர்ச்சியையும் ஒட்டுறதையும் சேத்து வெச்சு மூளைதான் ஈரம்னு முடிவு கட்டுது. அதான் சில்லுன்னு இருக்கற காஞ்ச துணி ஈரமாத் தெரியும், வெதுவெதுன்னு இருந்தா ஈரத்துணிகூட அவ்வளவா தெரியாது.

செவ்வாப்பேட்டை:
அப்படிப் பாத்தா காஞ்ச துணின்னு ஒண்ணுமே இல்லையே டீச்சர். நல்லா காஞ்ச பருத்தியிலயே 100 கிராமுக்கு 7, 8 கிராம் தண்ணி காத்துலருந்து ஏறித்தான் இருக்கும். நமத்துப்போன அப்பளத்தை ஈர அப்பளம்னு சொல்வீங்களா? நமத்தது வேற, ஈரம் வேற, நனைஞ்சது வேற.

காப்பிக்களம்:
அதேதானுங்க நானும் சொல்றேன்!

ஜவ்வரிசி வீட்டுப் பொண்ணு:
காப்பி காய வெக்கற நீங்களே இப்படிச் சொல்லலாமாண்ணா? எங்கப்பா ஜவ்வரிசிக் குவியலுக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாத்துட்டுத்தான் மூட்டை பிடிக்க விடுவாரு. மேல தொட்டா கலகலன்னு இருக்கும், உள்ள ஜில்லுன்னு விரல்ல ஒட்டும், மறுபடியும் களத்துல பரப்புன்னுருவாரு. மூட்டைக்குள்ள போனா பூசணம் பிடிக்குமா பிடிக்காதா, ஈரத்துக்கு அதான் கணக்கு. அந்தச் சட்டையை மடிச்சு பீரோல வெப்பீங்களா?

செவ்வாப்பேட்டை:
அது எடுத்து வெக்கறதுக்குக் கணக்கும்மா, போட்டுக்கறதுக்கு இல்ல. உடம்புச் சூட்டுலயே கொஞ்ச நேரத்துல காஞ்சிரும்.

குகை:
சட்டைக்கே இவ்ளோன்னா, தண்ணி ஈரமா இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல.

அஸ்தம்பட்டி டீச்சர்:
இல்ல. ஈரத்துணிங்கறோம், ஈரத்தலைங்கறோம், ஈரத்தண்ணின்னு யாராச்சும் சொல்லிருக்கோமா? ஒண்ணு மேல தண்ணி பரவி ஒட்டி நின்னாத்தான் ஈரம். சேம்பு இலையில பாருங்க, தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிரும், இலை நனையாது.

காப்பிக்களம்:
பீரோ கேள்விக்கு வரேன் தங்கச்சி. வெக்கமாட்டேன். காப்பிக்காயை ஒரு கைப்பிடி எடுத்து காதுகிட்ட குலுக்குவேன், கொட்டை உள்ள கலகலன்னு ஆடணும், மந்தமா கேட்டா படுதாவைப் பிரிச்சு மறுபடி காயப்போடுவேன், ஈரப்பதம் 10 சதவீதம் பக்கம் வந்தாத்தான் மூட்டை. அந்த மந்தமான காயைத் தொட்டா கையில ஒண்ணும் ஒட்டாது, ஆனா எங்க வாயில "இன்னும் ஈரம்"னுதான் வரும். காய்க்கு ஒரு நியாயம் சட்டைக்கு ஒரு நியாயமான்னு யோசிச்சா பையன் சொன்னது சரிதான், அவன்கிட்டயும் சொல்லிட்டேன். சட்டை இப்ப அடுப்புக்கு மேல கொடியில தொங்குது.

செவ்வாப்பேட்டை:
நான் ஒத்துக்கலைங்க. நமத்த சட்டைன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.