வால்பாறை சோலைமந்தி வழித்தட வரைபடம்: தேயிலைக்கு எவ்வளவு தடை மதிப்பு?

காட்டுப்பக்கி_98:
முதுகலை ஆய்வுக்கு, வால்பாறைல சோலைமந்தி ஒரு சோலைத்துண்டுல இருந்து இன்னொண்ணுக்கு எந்த வழியா போகும்னு சர்க்யூட்ஸ்கேப்ல (நிலத்தை மின்சுற்று மாதிரி வச்சு விலங்கு நடமாட்டத்தைக் கணக்கிடற மென்பொருள்) ஓட்டிப் பாக்கறேன். நிலவகைக்கு வேர்ல்டுகவர் 2021ங்கற செயற்கைக்கோள் நிலவகைப் படம். மரம் 1, தேயிலை 50, ரோடு 80, ஊர் 100னு தடை மதிப்பு (மந்திக்குக் கடக்க எவ்வளவு கஷ்டம்னு) கொடுத்தேன். பீடபூமி பூரா மின்னோட்டம் (அதாவது மந்தி போக வாய்ப்புள்ள வழி) பரவிக் கிடக்கு, இடுக்கான பாதைனு ஒண்ணுமே தெரியல. தேயிலைக்கு இன்னும் ஏத்தணுமா?

பழைய வரைபடக்காரன்:
தேயிலைய விடுங்க. 'மரம்'னு பச்சையா இருக்கற எடத்தைப் பெருசாக்கிப் பாருங்க. அந்தப் படத்துல நட்டு வளர்த்த தோப்பும் அதே வகுப்புதானுங்க. சோலை, நிழல்மரக் காப்பி, தேயிலை ஃபேக்டரி விறகுக்கு வச்ச யூகலிப்டஸ் எல்லாத்துக்கும் 1 போட்டா பரவாம என்ன செய்யும்? காட்டுமரம் விட்டுவச்ச காப்பின்னா மந்தி கெளைக்குக் கெளை போயிரும், பலா இருந்தா உக்காந்து திங்கும். யூகலிப்டஸ்ல அதுக்கு என்ன இருக்கு?

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை ஜனவரி-மார்ச்ல எடுங்க, மழை மாசத்துல மேகந்தான் மிஞ்சும். சோலை, காட்டுமரக் காப்பி, சில்வர் ஓக் காப்பி, யூகலிப்டஸ், தேயிலை, ஆத்தோரம், ஊர்னு நீங்களே பிரிங்க. பயிற்சிப் புள்ளிய (எந்த எடம் எந்த வகைன்னு மென்பொருளுக்குக் கத்துக்குடுக்கற மாதிரிப் புள்ளி) ஸ்கிரீனைப் பாத்துக் குத்தாதீங்க. எஸ்டேட் ரோட்டுல நடந்து எடுங்க. பீடபூமியே சுமார் 220 சதுர கிலோமீட்டர்தான். ஜனவரி-மார்ச்ல ரத்தம் குடிக்கற அட்டையும் கம்மி.

ஆத்தோரம்:
அண்ணா, புதுத்தோட்டம் எஸ்டேட்டு மந்தி தரையில எறங்கி ரோட்டுலயே நடக்குதே, தொழிலாளர் லைன் வீட்டுக்குள்ளயும் வருது. அப்புறம் ரோடு 80, ஊர் 100 எப்படி சரி?

பழைய வரைபடக்காரன்:
நல்ல கேள்வி. போகுமாங்கறது வேற, போனா பொழைக்குமாங்கறது வேற. ரோட்டுல வண்டி அடிக்குதுன்னுதான அங்க மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டாங்க? ரெண்டையும் ஒரே எண்ணுல அடைக்காம, சாவு அபாயத்துக்குத் தனி அடுக்கு வைங்க.

அதோட இந்தத் தடை அடுக்கையே யானைக்கும் போட்டு 'பல்லுயிர் வழித்தடம்'னு தலைப்பு வச்சிராதீங்க, எனக்கு அதுதான் எரிச்சல். யானை தேயிலைக்குள்ளயே நடந்து போயிரும். அதுக்கு முக்கியம் ஆத்தோர மரங்களும் சோலைத்துண்டும். இருவாச்சி பறந்துரும். ஒவ்வொண்ணுக்கும் தனியா ஓட்டி, அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பாருங்க.

காட்டுப்பக்கி_98:
புரியுதுங்கண்ணா. மதிப்புகளை எப்படி நியாயப்படுத்தறது? கைடு கேப்பார்.

பழைய வரைபடக்காரன்:
ஒரே தொகுப்போட நிக்காதீங்க. தேயிலை 20, 50, 200னு மாத்தி மாத்தி ஓட்டுங்க. எப்படி மாத்தினாலும் அதே எடத்துல இடுக்கு வந்தா அதை நம்பலாம். எண்ணை மாத்தினதும் எடம் மாறினா அது உங்க எண்ணு வரைஞ்ச கோடு. மந்தி பாத்த பதிவுல பாதிய எடுத்துவச்சு கடைசில சோதிங்க. பதிவெல்லாம் ரோட்டோரமாவே இருக்கும், அதையும் எழுதுங்க.

காட்டுப்பக்கி_98:
எஸ்டேட்டுக்குள்ள போக யாரைக் கேக்கணும்?

ஆத்தோரம்:
மேனேஜருக்குக் காலேஜ் லெட்டர். காலைல மஸ்டர் (தொழிலாளர் வருகைப் பதிவு) முடிஞ்ச பிறகு ஆபீஸ்ல பாருங்க, அதுக்கு முன்னாடி யாரும் காது குடுக்க மாட்டாங்க. புலிகள் காப்பகத்துக்குள்ளன்னா வனத்துறை அனுமதி தனி.