சீசன் வாடகை: எதுவரை வியாபாரம், எங்கிருந்து பொருளாசை?

மலைவீட்டுக்காரி, கொடைக்கானல்

இந்த இணையக் குழுவில் உள்ள எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உள்ள மூன்று அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கணவர் இறந்து ஏழு வருடமாக அதுதான் பிழைப்பு. ஜூலையில், மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, 1,200 ரூபாய் என்றாலே பேரம் பேசுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் 2,500 வாங்குவேன். அதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. இரண்டு மாதம் சம்பாதித்துப் பத்து மாதம் ஓட்டுகிற ஊர் இது.

உறுத்துவது போன மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. மலர்க் கண்காட்சிக் கூட்டம். பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மின்சாரம் வேறு போயிருந்தது. பத்தே முக்கால் மணிக்கு ஒரு கார் வாசலில் வந்து நின்றது. விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். இப்போதெல்லாம் மலைக்கு வர அரசு கேட்கிற இ-பாஸை வாங்கிக்கொண்டு வருகிறார்கள், அறையைப் பதிவு செய்யாமல் வந்துவிடுகிறார்கள். ஐந்து இடங்களில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பின் இருக்கையில் ஒரு பாட்டி, மெல்லிய நூல் சேலையோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். மடியில் கைக்குழந்தை. என்னிடம் ஓர் அறை காலியாக இருந்தது. அதைப் பதிவு செய்திருந்தவர்கள் வரவில்லை என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த முன்பணம் 1,000 ரூபாயும் என்னிடமே தங்கிவிட்டது. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

2,500 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாட்டியைப் பார்த்தேன். 6,000 என்றேன்.

இப்படி அடுத்தடுத்து எழுத எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. பாட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கணக்கு. இந்தக் கிழவியை வைத்துக்கொண்டு இவர்கள் இனி வேறெங்கும் போக முடியாது என்ற கணக்கு. அந்தத் தம்பி பேரம் பேசவே இல்லை. அங்கேயே நின்று போனில் பணத்தை அனுப்பிவிட்டு, “ரொம்ப நன்றி அக்கா” என்றார்.

அக்டோபரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்தது. காணிக்கையாக வந்த காய்கனிகளைச் சபைக்காக ஏலம் விடுவார்கள். ஒரு கூடை சௌசௌவை 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். ஐந்து கிலோ இருக்கும். எங்கள் வேலியிலேயே சௌசௌ காய்த்துத் தொங்குகிறது, பறிக்கத்தான் ஆள் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் புரிந்தது: 6,000-லிருந்து 2,500 போனால் 3,500. யாரிடமோ வாங்கியதை வேறு யாருக்கோ கட்டியிருக்கிறேன், அதுவும் கைதட்டலோடு.

மதுரையில் இருக்கிற என் அக்கா, விமான டிக்கெட்கூட ஆளுக்கும் நாளுக்கும் தகுந்தபடி ஏறத்தானே செய்கிறது, நீ மட்டும் ஏன் குழப்பிக்கொள்கிறாய் என்கிறாள். பொருளாசைக்காரி என்றால் நகைக்கடை வாசலிலேயே நிற்பவள் என்று இதுவரை நினைத்திருந்தேன். எனக்கு நகை வேண்டாம். மாடித் தகரம் ஒழுகுகிறது, மகள் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இப்படிப்பட்டவளுக்கும் வேதம் சொல்கிற “போதுமென்கிற மனது” பொருந்துமா? நான் செய்தது வியாபாரமா, பொருளாசையா?

“வரவு செலவு” என்ற பெயரில் ஒருவர்

விமான நிறுவனம் செய்தால் சாமர்த்தியம், விதவைப் பெண் செய்தால் பாவமா? காலி அறைக்கு அன்றைய சந்தை விலை 6,000. கொடுத்தார்கள், தங்கினார்கள். ஜூலையில் உங்கள் அறை காலியாகக் கிடக்கும்போது யாராவது வந்து இரக்கப்பட்டு 2,500 கொடுக்கிறார்களா? தூங்குங்கள் அம்மா.

பூம்பாறை விவசாயி

அக்கா, நான் பூண்டு போடுகிறவன். அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிடுவோம். அதில் நல்ல பூண்டாகப் பார்த்து அடுத்த விதைப்புக்கு ஒதுக்கிவிடுவது என் தாத்தா காலத்து வழக்கம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைப்பூண்டில் கை வைக்கக் கூடாது. என் அப்பா இறந்த வருடம்கூட அதைத் தொடவில்லை, கடன் வாங்கித்தான் அடக்கம் செய்தோம்.

2024 பிப்ரவரியில் பூண்டு விலை எப்படி ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். வடுகபட்டி பூண்டுச் சந்தையிலிருந்து தினமும் போன். அப்போது எங்கள் வீட்டில் கஷ்டம் எதுவும் இல்லை. கையில் காசு இருந்தது. அந்த நேரத்தில்தான் விதைப்பூண்டையும் இறக்கி மூட்டை கட்டினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. விதைக்கிற நேரம் வந்தபோது நான் விற்றதைவிட அதிக விலைக்கு வாங்கினேன். அதிலும் பாதி நம் மலைப்பூண்டே இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கண்ட பூண்டுக்கெல்லாம் கொடைக்கானல் பெயர் வைக்க ஆள் இருக்கிறது. கலந்து கொடுத்தவரை நான் திட்டியது இரண்டு தெருவுக்குக் கேட்டது. என்னைத் திட்ட ஆள் இல்லை.

உங்கள் தகரம் ஒழுகுவதற்கும் அந்த 6,000-க்கும் சம்பந்தம் இல்லை அக்கா. காரைப் பார்க்கும்வரை உங்களுக்குத் தகரத்தின் ஞாபகம் வந்திருக்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பு மகளுக்கு, நான் கத்தோலிக்கன். உங்கள் வேதாகமமும் எங்கள் விவிலியமும் லூக்கா 12:15-இல் வேறு வேறு சொல்லைப் போடுகின்றன. உங்களுடையதில் “பொருளாசை”. எங்களுடையதில் “பேராசை”. பொருளாசை என்றால் குற்றம் பொருளின் மேல் விழுகிறது, நகைக்கடை நினைவுக்கு வருகிறது. பேராசை என்றால் அளவின் மேல் விழுகிறது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் ப்ளெயோனெக்சியா. இருப்பதைவிடக் கூடுதலாக வைத்திருக்கத் துடிப்பது என்று சொல்லலாம். பிறன் பங்கில் கை வைப்பதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். நகையே பிடிக்காதவருக்கும் அது வரும்.

அந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கூட்டத்தில் ஒருவன், என் சகோதரன் ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி சொல்லும் என்று இயேசுவிடம் வழக்குக் கொண்டுவருகிறான். பாகப்பிரிவினை! நம் ஊரில் பத்து வீட்டில் ஆறு வீட்டுக் கதை அது. நியாயம் அவன் பக்கம்கூட இருந்திருக்கலாம். இயேசு கணக்குப் பார்க்க மறுத்துவிட்டு, விளைச்சலையெல்லாம் தனக்கே சேர்த்துவைக்கக் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் கதையைச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவில் கடும் பஞ்சம் வந்தபோது புனித பசிலியார் இதே கதையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். தானியத்தைப் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தப் பிரசங்கம். மனிதருடைய துன்பத்தை வைத்து வியாபாரம் செய்யாதே என்று அவர்களுக்குச் சொன்னார். விலை வைப்பதை அவர் குற்றம் சொல்லவில்லை. துன்பத்தையே சரக்காக்கியதைத்தான் குற்றம் சொன்னார். உங்கள் 2,500 அறைக்கு வைத்த விலை. மேலே போன 3,500 பாட்டியின் நடுக்கத்துக்கு வைத்தது. உங்களைக் குத்த இதைச் சொல்லவில்லை, நீங்களே எழுதியதைத்தான் திருப்பி எழுதுகிறேன்.

ஆனால் விடுதி நடத்துகிறவருக்கு வேதத்தில் இடம் இல்லாமல் இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் கதையில் எல்லாரும் சமாரியனைப் பற்றியே பேசுகிறோம். சத்திரக்காரனை ஒருவரும் நினைப்பதில்லை. அவன் இலவசமாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தெனாரியம் வாங்கிக்கொண்டான். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. அதற்குமேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் சமாரியன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய பில்! காயம்பட்டவனுக்கு நினைவில்லை, சமாரியன் ஊரில் இல்லை. அந்தச் சத்திரக்காரன் கடைசியில் எவ்வளவு எழுதினான் என்று லூக்கா சொல்லவில்லை. ஐம்பது வருடமாக எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை.

பவுல் “மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” என்று பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதியது சிறையிலிருந்து. பிறவிக் குணம் என்று சொல்லாமல் கற்றுக்கொண்டேன் என்கிறார். அதே கடிதத்தில் அவர்கள் எப்பாப்பிரோதீத்து என்பவர் மூலம் அனுப்பிய பொருளுக்கு நன்றியும் சொல்கிறார், திருப்பி அனுப்பவில்லை. ஆகையால் போதும் என்கிற மனது, வருவதை வேண்டாம் என்று தள்ளுவது ஆகாது. தகரத்தை மாற்றுங்கள் மகளே.

ஏரிச்சாலை டாக்ஸி

எல்லாம் சரி. வாத்தியார் ஐயா நன்றாக எழுதுகிறார். எனக்கு இந்த “போதும்” என்ற பிரசங்கத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அதை எப்போதும் எங்களிடம்தான் சொல்கிறார்கள். முன்பு நான் ஓட்டிய வண்டியின் முதலாளி, தினப்படியை ஏற்றிக் கேட்ட அன்றைக்கு, உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று தீமோத்தேயு வசனத்தை எடுத்துப் போட்டார். அவரிடம் நான்கு வண்டி. ஐந்தாவதுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார். அறுத்தவனுடைய கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் போட அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மின்சாரம் போன அந்த இரவில் பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது யார்? 6,000-இல் அவருக்கு எவ்வளவு போனது?

மலைவீட்டுக்காரி, கொடைக்கானல்

நான்கு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. டாக்ஸித் தம்பியின் கேள்விதான் காரணம்.

அட்டுவம்பட்டியிலிருந்து ஒரு அம்மா ஒத்தாசைக்கு வருகிறார். அன்று கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். விறகடுப்பை மூட்டி வெந்நீர் வைத்தது, பாட்டிக்கு மிளகு ரசம் வைத்துச் சோறு பிசைந்து கொடுத்தது, தன் கம்பளியை எடுத்துக்கொண்டுபோய்ப் போர்த்தியது எல்லாம் அவர்தான். மறுநாள் நான் அவருக்குக் கொடுத்தது வழக்கமான 400 ரூபாய். முதல் பதிவில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதைக்கூட நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். பாட்டி விஷயத்தில் எட்டு மாதமாக உறுத்தியது. இந்த அம்மா விஷயத்தில் ஒரு நாளும் உறுத்தவில்லை.

மரமேறி இயேசுவைப் பார்த்த சகேயுவின் கணக்கில் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதென்றால் 14,000. அந்த அளவுக்கு எனக்கு மனம் வரவில்லை, மரமேறவும் வயதில்லை. 3,500-ஐ மட்டும், அந்தத் தம்பி பணம் அனுப்பிய அதே எண்ணுக்கு மகளை விட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. தவறாக அனுப்பிவிட்டேன், திருப்பிப் போடுங்கள் என்று ஏமாற்றும் கூட்டம் என்று நினைத்துவிட்டார். இணைய மோசடிக்கான 1930 எண்ணுக்குப் புகார் செய்வேன் என்று ஒரே சத்தம். நான் யார், எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்லச் சொல்ல நம்பவில்லை. பாட்டி, ரசம், கம்பளி என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ஓ, அந்த ஆறாயிரம் ரூபாய் வீடா!” என்றார்.

அவர்கள் குடும்பத்தில் என் வீட்டுக்கு அதுதான் பெயர். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கோபமாகச் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ரசம் வைத்த அம்மா சௌக்கியமா என்று பாட்டி கேட்கச் சொன்னாராம். என்னைக் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குச் சீசனில் 600, மற்ற நாளில் 450 என்று சொல்லியிருக்கிறேன். அவர் முதலில் கேட்டது, “ஏன் அம்மா, வேறு ஆள் பார்க்கிறீர்களா?” என்பதுதான். வாசலில் 1,200, 2,500 என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியாயிற்று. என் கையெழுத்து யாருக்கும் புரியாது, மகள் விடுமுறையில் வந்து திருத்தி எழுதுகிறேன் என்றிருக்கிறாள். அக்காவிடம் பலகையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மே மாதம் பத்தே முக்கால் மணிக்குக் கார் வந்து நிற்கும்போது என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அதனால்தான் எழுதி மாட்டினேன்.

ஏரிச்சாலை டாக்ஸி

பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா, சவாரி வருகிறவர்களிடம் காட்டுகிறேன். ஆள் கொண்டுவந்து விட்டால் இங்கே எல்லாரும் அறைக்கு 300 கமிஷன் கேட்பார்கள். எனக்கு வேண்டாம்.

யோசித்துப் பார்த்தேன். 100 கொடுங்கள், டீசலுக்கு ஆகும்.