கூகுள் போட்டோஸிலிருந்து இம்மிச்சுக்கு: பழைய லேப்டாப், சிஜிநாட் இணைப்பு, 400 ஜிபி படங்கள்

வெட்டவெளி கேட்டது:

வணக்கம். வீட்டில் ஐந்து பேர், ஐந்து ஜிமெயில். எல்லாரும் ஒரே கூகுள் ஒன் குடும்பத் திட்டத்தில் இருக்கோம். படங்களும் வீடியோவும் சேர்த்து 400 ஜிபி. இதை மொத்தமா வீட்டிலேயே இம்மிச்சில் (கூகுள் போட்டோஸ் மாதிரி, நம்ம சொந்த மெஷினில் ஓடுற மென்பொருள்) வைக்கணும்.

கையில் இருப்பது: 4-ஆம் தலைமுறை ஐ3 லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இன்னும் பிரிக்காத 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரவுட்டரில் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.72 என்று ஆரம்பிக்குது. போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து எட்டவே இல்லை.

இந்த லேப்டாப் தாங்குமா? வெளியில் இருக்கும்போது போனிலிருந்து படம் ஏற வழி என்ன? கரண்ட் அடிக்கடி போகும். அப்பா, அம்மா போனில் அவங்க எதையும் தொடாம நடக்கணும்.

---

விசைப்பலகை பதில்:

தாங்கும். இம்மிச் கேட்பது 6 ஜிபி ரேம், இரண்டு கோர். உங்களிடம் 8 இருக்கு, அதனால டெஸ்க்டாப் இல்லாம உபுண்டு சர்வரோ டெபியனோ போடுங்க. திணறப் போவது ஒரே ஒரு இடம்: முகம் பிரிக்கிறது, படத்தின் உள்ளடக்கத்தைத் தேடுறது ரெண்டுக்கும் ஓடுற மெஷின் லேர்னிங் வேலை. 400 ஜிபியை முதல் தடவை அலச அந்த ஐ3 நாள்கணக்கில் முக்கும். வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் இன்னொன்று இருந்தா, மெஷின் லேர்னிங் கன்டெய்னரை (டாக்கர் என்ற மென்பொருளில் இம்மிச் தனித்தனிப் பெட்டிகளா ஓடும், அவற்றில் ஒன்று) மட்டும் அதில் ஓட்டி, அட்மின் செட்டிங்ஸில் அதோட முகவரியை 3003 போர்ட்டோட கொடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே வெர்ஷன் இருக்கணும். முதல் சுற்று முடிஞ்சதும் பழையபடி லேப்டாப்புக்கே மாத்திக்கலாம், தினம் வர்ற இருபது முப்பது படத்துக்கு அதுவே போதும்.

போன் எடுக்கிற ஹெச்இவிசி (இடம் குறைவா எடுக்கும் சுருக்க முறை) வீடியோ இன்னொரு தொல்லை. 4-ஆம் தலைமுறை இன்டெல்லில் அதற்கு ஹார்டுவேர் டிகோடிங் கிடையாது, எல்லாம் சிபியூ தலையில்தான் விழும். டிரான்ஸ்கோடிங் (வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றுவது) ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஓடாதபடி வைச்சு, இரவில் ஓட விடுங்க.

டிஸ்க் விஷயம் கவனமா கேளுங்க. புது யூஎஸ்பி டிஸ்க் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில்தான் வரும். அழிச்சு எக்ஸ்ட்4 போடுங்க. படங்கள் யூஎஸ்பி டிஸ்க்கில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில். டாட் என்வி (.env) என்ற இம்மிச் அமைப்பு ஃபைலில் அப்லோட் லொக்கேஷன், டிபி டேட்டா லொக்கேஷன் என்று ரெண்டு வரி தனித்தனியா இருப்பது இதற்குத்தான். டேட்டாபேஸ் 1 முதல் 3 ஜிபிக்குள் அடங்கிடும். அதை நெட்வொர்க் ஷேரில் மட்டும் வைச்சிடாதீங்க. தம்ப்நெயில், மாற்றின வீடியோ எல்லாம் சேர்ந்து அசல் அளவில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலா எடுக்கும். ஆக 400 என்பதை 480 ஜிபி என்று கணக்கு வைங்க.

எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை ஏற்றணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க்கை எஸ்டிபி1 என்ற பெயரால் இல்லாம யூயூஐடி-யால் (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்) குறிப்பிடுங்க, நோஃபெயில் (டிஸ்க் இல்லேன்னாலும் பூட் ஆகச் சொல்வது) சேருங்க. இல்லேன்னா டிஸ்க் கழன்ற ஒரு நாள் மெஷினே பூட் ஆகாது. நோஃபெயில் போட்டா வேற ஒரு பிரச்சினை: டிஸ்க் ஏறாமலே டாக்கர் எழும்பி, அந்த வெற்று ஃபோல்டரில் எழுத ஆரம்பிக்கும். இம்மிச் இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஃபோல்டரிலும் டாட் இம்மிச் என்று ஒரு குட்டி ஃபைல் வைச்சிருக்கும். அது தென்படலேன்னா சர்வர் கிளம்ப மறுத்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். அப்படிப் பார்த்தா பதறி அந்த ஃபைலைக் கையால் உருவாக்காதீங்க. டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கான்னு முதலில் பாருங்க.

டாக்கரை உபுண்டுவின் ஸ்னாப் பதிப்பாக எடுக்க வேண்டாம். ஹோம் ஃபோல்டருக்கு வெளியே இருக்கிற டிஸ்க்கை அது இயல்பா தொடாது. டாக்கரின் சொந்த ரெப்போவிலிருந்து போடுங்க.

கரண்டுக்கு: லேப்டாப் பேட்டரியே யூபிஎஸ். ஆனா எப்பவும் 100 சதவீதத்தில் செருகியே கிடந்தா உப்பிக்கும். பயாஸிலோ டிஎல்பி என்ற பேட்டரி கருவி மூலமோ 60-80க்குள் நிறுத்த முடியுமான்னு பாருங்க. ஏற்கெனவே உப்பியிருந்தா கழற்றி எறிஞ்சிட்டு 600 விஏ யூபிஎஸ் வாங்குங்க. மூடியை மூடினா தூங்காம இருக்க, லாகின்டி கான்ஃபிகில் லிட் ஸ்விட்ச்சை இக்னோர் என்று மாற்றணும். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியா வேணும். பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம்: சராசரி 15 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட்.

---

மணல்மேடு பதில்:

படங்களை வெளியே எடுக்கிறதைப் பற்றி யாரும் சொல்லலையே. ஐந்து ஜிமெயில் என்றால் ஐந்து டேக்அவுட் (கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமா இறக்கித் தரும் வசதி). குடும்பத் திட்டம் பங்கிடுவது இடத்தை மட்டும்தான், படங்கள் அவரவர் கணக்கில்தான் இருக்கும். இம்மிச்சிலும் ஐந்து யூசர் உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் தனி ஏபிஐ கீ (வெளிக் கருவி அந்தக் கணக்கில் நுழைய ஒரு சாவி) எடுத்து, அவரவர் டேக்அவுட்டை அவரவர் கீயோட ஏற்றுங்க. எல்லாத்தையும் அட்மின் கணக்கில் கொட்டிட்டு அப்புறம் பிரிக்கிறது நரகம்.

டேக்அவுட் போடும்போது போட்டோஸ் மட்டும் தேர்வு செய்து, ஜிப் ஃபார்மேட், துண்டு அளவு 10 ஜிபி. 50 ஜிபி வைச்சா இடையில் அறுந்தால் அந்த 50ஐயும் முதலிலிருந்து இறக்க வேண்டிவரும். டிஜிஇசட் வேண்டாம், டேக்அவுட்டை இம்மிச்சில் ஏற்றுகிற இம்மிச்-கோ என்ற கருவி ஜிப்பைத்தான் பிரிக்காமலே படிக்கும். லிங்க் ஒரு வாரம்தான் உயிரோட இருக்கும். 100 எம்பிபிஎஸ் முழுசா கிடைச்சாலும் 400 ஜிபிக்கு 9 மணி நேரம் ஆகும், ஐந்து பேருக்கும் ஒரே நாளில் கேட்காதீங்க. ஜிப் 400, ஏற்றின படம் 400 என்று தற்காலிகமா ரெண்டு மடங்கு இடம் தேவைப்படும். 2 டிபியில் பிரச்சினையில்லை.

ஜிப்புக்குள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் ஃபைல் இருக்கும். கூகுளில் நீங்க திருத்தின தேதி, இடம், விளக்கம் எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எக்சிஃப் (படத்துக்குள்ளேயே பதிந்த தேதி, இட விவரம்) இருக்காது, ஜேசனை விட்டா அத்தனையும் இறக்கின நாளில் போய் உட்கார்ந்துக்கும். படம் ஒரு ஜிப்பிலும் அதோட ஜேசன் அடுத்த ஜிப்பிலும் இருப்பது சகஜம். அதனால ஒவ்வொரு ஜிப்பாக ஏற்றாம, ஒருத்தரோட எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, இம்மிச்-கோவில் கூகுள் போட்டோஸ் முறையில், நட்சத்திரக் குறி வைச்சு ஒரே கட்டளையில் கொடுங்க. முதலில் டிரை-ரன் (எதையும் ஏற்றாத ஒத்திகை). ஜேசன் கிடைக்காத படங்களின் எண்ணிக்கையை அது கடைசியில் சொல்லும். அது பெரிசா இருந்தா ஏதோ ஒரு ஜிப் விட்டுப்போயிருக்கு.

வரிசை முக்கியம்: டேக்அவுட்டை ஏற்றின பிறகுதான் போன்களில் பேக்கப்பை ஆன் பண்ணணும். இம்மிச் இரட்டையைக் கண்டுபிடிப்பது ஷா-1 செக்சம் (ஃபைலின் கைரேகை மாதிரி) வைச்சு. கூகுளில் ஒரிஜினல் குவாலிட்டியில் இருந்தா ரெண்டும் பைட்டுக்கு பைட் ஒன்று, தானே தள்ளிடும். ஸ்டோரேஜ் சேவரில் இருந்திருந்தா கூகுள் அதைச் சுருக்கியிருக்கும், போனில் இருப்பது வேற ஃபைல், ரெண்டும் ஏறும். அப்புறம் டூப்ளிகேட் பக்கத்தில் உட்கார்ந்து களையணும்.

---

ஓடைக்கரை பதில்:

உங்க 100.72 சிஜிநாட்தான் (ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை). 100.64 முதல் 100.127 வரைக்கும் அதற்கென்றே 2012-இல் ஒதுக்கின வரம்பு. பொது ஐபி கம்பெனிக்காரன் பெட்டியில் இருக்கு, உங்க ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. கிளவுட்ஃப்ளேர் கம்பெனி சர்வர் வழியா போற டனல் போட்டா பத்து நிமிஷத்தில் முடிஞ்சது. வெளியே போகும் இணைப்பாகவே அது போவதால் சிஜிநாட் தடுக்காது, எஸ்எஸ்எல்லும் தானே வரும். டொமைன் ஒன்று வாங்கணும், அவ்வளவுதான்.

---

விசைப்பலகை பதில்:

ஓடைக்கரை, போட்டோவுக்கு அது ஒத்துவராது. இலவசத் திட்டத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 100 எம்பிதான் வரம்பு. 4கே வீடியோ ஹெச்இவிசியிலேயே நிமிஷத்துக்கு 170 எம்பி தாண்டும். முக்கால் நிமிஷ வீடியோ கூட 413 (ஃபைல் ரொம்பப் பெரிசு) எர்ரரோட திரும்பி வரும், ஆப் மறுபடி மறுபடி முயற்சி பண்ணி பேட்டரியைத் தின்னும். போதாததுக்கு, டிஎல்எஸ் என்கிரிப்ஷன் அவிழ்வது கிளவுட்ஃப்ளேரிடம். கூகுளிடமிருந்து எடுத்து இன்னொருத்தர் கண் முன்னால் அனுப்புறதுக்கு இத்தனை பாடா?

டெயில்ஸ்கேல் (உங்க சாதனங்களை மட்டும் இணைக்கும் விபிஎன்) போடுங்க. வயர்கார்டு அடிப்படை, சிஜிநாட்டைத் துளைக்கும், ரெண்டு முனையிலும் ஐபிவி6 இருந்தா நேரடி இணைப்பே கிடைக்கும். அது கொடுக்கிற முகவரியும் 100 என்றே ஆரம்பிக்கும், ரவுட்டர் ஐபியோட குழப்பிக்க வேண்டாம். பெற்றோர் போனில் எப்பவும் ஆனில் இருக்கிற விபிஎன்னாக ஒருதரம் வைச்சிட்டா போதும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், ஆபீஸ் விபிஎன் வைத்திருப்பவருக்கு மட்டும் இடிக்கும்.

இம்மிச் ஆப்பில் முகவரி தானாக மாறும் வசதி இருக்கு: வீட்டு வைஃபை பெயர் தெரிஞ்சா உள் முகவரி, 2283 போர்ட். வெளியே டெயில்ஸ்கேல் முகவரி. ஆண்ட்ராய்டில் பேட்டரி ஆப்டிமைசேஷனை அந்த ஆப்புக்கு மட்டும் எடுத்து விடுங்க, இல்லேன்னா போனே அதைக் கொன்றுபோடும். ஐபோனில் பின்னணிப் பதிவேற்றம் எப்போ நடக்கணும்னு ஐஓஎஸ்தான் முடிவு பண்ணும், வாரம் ஒருமுறை ஆப்பைத் திறக்கச் சொல்லுங்க.

கல்யாண ஆல்பத்தை சொந்தக்காரங்களுக்கு லிங்க்காக அனுப்பணும்னா, அப்போ ஓடைக்கரை சொன்ன டனல் உதவும். இம்மிச்சை நேரடியா அதில் வைக்காம, இம்மிச் பப்ளிக் பிராக்ஸி என்ற சின்ன கன்டெய்னரை வைங்க. பகிர்ந்த லிங்க் மட்டும் வெளியே தெரியும், லாகின் பக்கம் தெரியாது.

---

ஓடைக்கரை பதில்:

100 எம்பி கணக்கு சரிதான், பார்க்க மட்டும் என்றால் டனல். இதையும் சேர்த்துக்கறேன்: டாக்கர் திறக்கிற போர்ட்டை யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) தடுக்காது. டாக்கர் ஐபிடேபிள்ஸில் தன் விதியை முன்னாலேயே எழுதிக்கும். "டினை போட்டாச்சு" என்று நிம்மதியா இருக்காதீங்க. ஐபிவி6 வெளியே திறந்திருக்கான்னு ரவுட்டர் ஃபயர்வாலையும் பாருங்க.

---

வெட்டவெளி பதில்:

எல்லாருக்கும் நன்றி. டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக்கி, டாக்கர் போட்டு, லாகின் பண்ணி, சோதனைக்குக் கொஞ்சம் படம் ஏற்றியாச்சு. ரெண்டு கேள்வி. பேக்கப் எதை, எப்படி? "கோயில் தேர்" என்று தமிழில் தேடினா சம்பந்தமில்லாத படம் வருது, ஆங்கிலத்தில் தேடினா சரியா வருது. ஏன்?

---

மணல்மேடு பதில்:

பேக்கப் முதலில். போனில் அழிச்சாலும் இம்மிச்சில் இருக்கு என்பதால் இதுவே பேக்கப் என்று பலர் நினைக்கிறாங்க. ஒரே டிஸ்க், ஒரே வீடு என்றால் அது பேக்கப் ஆகாது. இன்னொரு டிஸ்க் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று வேணும்.

ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி போதும், வெளியே போகும் முன்னாலேயே என்கிரிப்ட் பண்ணிடும். அப்லோட் லொக்கேஷனுக்குள் இருப்பதில் லைப்ரரி, அப்லோட், ப்ரொஃபைல், பேக்கப்ஸ் நான்கும் கட்டாயம். தம்ப்ஸ், என்கோடட்-வீடியோ ரெண்டையும் விட்டுடலாம், மறுபடி உருவாக்கிக்கலாம். தினம் அதிகாலை 2 மணிக்கு இம்மிச்சே டேட்டாபேஸை பேக்கப்ஸ் ஃபோல்டரில் டம்ப் எடுத்து, கடைசி 14ஐ வைச்சிருக்கும். ரெஸ்டிக்கை 3 மணிக்கு வைங்க. முதலில் டேட்டாபேஸ், பிறகு படங்கள் என்ற வரிசை வேணும். தலைகீழா எடுத்தா, இல்லாத ஃபைலைச் சுட்டும் பதிவுகள் டேட்டாபேஸில் தங்கிடும். ஓடிக்கிட்டிருக்கிற போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்கிறது எதுக்கும் உதவாது.

டேட்டாபேஸ் போனா ஆல்பம், முகப்பெயர் எல்லாம் போச்சு. ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் (படங்களை ஃபோல்டர் வாரியா அடுக்கும் அமைப்பு) அணைந்தே வரும், படங்கள் புரியாத நீளப் பெயரில் கிடக்கும். அதை இப்பவே, டேக்அவுட்டை ஏற்றுமுன், வருடம்/மாதம் என்று ஆன் பண்ணிடுங்க. டேட்டாபேஸ் இல்லேன்னாலும் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிற நிலை இருக்கும்.

வெளியே அனுப்ப 20 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் முதல் தடவை 44 மணி நேரம். அப்புறம் புதுசு மட்டும்தான் போகும். மாதம் ஒருதரம் ரெஸ்டிக் செக்கில் 5 சதவீத டேட்டாவைப் படிக்கச் சொல்லுங்க. ரெஸ்டிக் பாஸ்வேர்டு அதே லேப்டாப்பில் மட்டும் இருந்தா அந்த பேக்கப் குப்பை. தாளில் எழுதி பீரோவில் வைங்க.

வெர்ஷன்: 2025 அக்டோபரில் 2.0 வந்த பிறகுதான் இம்மிச் நிலையான பதிப்பு ஆச்சு. டாட் என்வியில் வி2 என்று இருக்கட்டும். தானாக அப்டேட் பண்ற கருவி வேண்டாம், ரிலீஸ் குறிப்பைப் படிச்சிட்டு இழுங்க.

---

விசைப்பலகை பதில்:

தமிழ்த் தேடலுக்கு: இயல்பா வர்ற கிளிப் (எழுத்தையும் படத்தையும் பொருத்திப் பார்க்கும்) மாடல் விஐடி-பி-32, ஓப்பன்ஏஐ பயிற்சி. அது ஆங்கில விளக்கங்களால் பழகினது, தமிழ் எழுத்து அதற்கு வெறும் சத்தம். அட்மின் செட்டிங்ஸில் மெஷின் லேர்னிங், ஸ்மார்ட் சர்ச் பகுதியில் மாடல் பெயரை மாற்றலாம். பன்மொழிக்கு எக்ஸ்எல்எம்-ரொபெர்ட்டா வகையும் என்எல்எல்பி-கிளிப் வகையும் இருக்கு, ரெண்டுக்கும் தமிழ் தெரியும். என்எல்எல்பி எடுத்தா, உங்க யூசர் அமைப்பில் என்ன மொழி வைச்சிருக்கீங்களோ அந்த மொழியில்தான் தேடல் வார்த்தையை எதிர்பார்க்கும். இடைமுகம் ஆங்கிலத்திலும் தேடல் தமிழிலும் என்றால் தப்பாத்தான் வரும்.

8 ஜிபி ரேமில் பெரிய மாடல்களைத் தொடாதீங்க, சிறியதிலிருந்து ஆரம்பிங்க. மாடலை மாற்றினதும் ஸ்மார்ட் சர்ச் வேலையை எல்லாப் படத்துக்கும் மறுபடி ஓட்டணும், பழைய வெக்டார் (மாடல் ஒவ்வொரு படத்துக்கும் கொடுத்த எண்வரிசை) புது மாடலுக்குப் பொருந்தாது. அதனால டேக்அவுட் ஏற்றுவதற்கு முன்னாலேயே மாற்றிடுங்க. முகம் பிரிக்கிறது தனி மாடல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.