பொருள்: ஊரணி வேலை – ஹிட்டாச்சியை இறக்கும் முன் பணமும் தாளும்

ஊர்ப் பெரியவர்களுக்கு வணக்கம், தம்பி தங்கைகளுக்கு அன்பு.

"ஆளுக்கு ஒரு தொகை போட்டால் நாமே வெட்டிவிடலாம், சர்க்கார் எதற்கு" என்று, ஊரணியைத் தூர்வாரப் பணம் திரட்டும் நம் வெளிநாடுவாழ் ஊரார் சங்கக் குழுவுக்கு இரண்டு மடல் வந்திருக்கிறது. வெட்டிவிடலாம்தான். ஆனால் ஊரணி புறம்போக்கு நிலம். அனுமதியில்லாமல் இயந்திரம் இறங்கினால், நாம் தூர்வாரல் என்று சொல்வதை லாரியைப் பார்த்தவர்கள் மண் திருட்டு என்பார்கள்; கனிம விதிகளும் அப்படித்தான் பார்க்கும். இன்னொன்று, முன்கூட்டியே வெட்டிவிட்ட மண்ணுக்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் அரசுப் பங்கு கேட்க முடியாது. நம் பணம் மூன்று மடங்காக வேண்டிய இடத்தில் ஒரு மடங்கோடு நின்றுபோகும்.

நமக்குப் பொருந்துவது 'நமக்கு நாமே' திட்டம். 1997–98இல் வந்தது, 2011–12இல் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021–22இல் மறுபடி பழைய பெயருக்குத் திரும்பியது. அடிப்படை மாறவில்லை: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் முன்பணமாகக் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். எஸ்டிமேட் 15 லட்சம் என்றால் நம் கையிலிருந்து 5 லட்சம். நீர்நிலைப் பணிக்கு விகிதம் கூடலாம் என்பதால், இந்த ஆண்டு நெறிமுறைப்படி நம் பங்கு எவ்வளவு என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே வசூல் தொகையை முடிவு செய்யலாம். வாய்வார்த்தையை நம்பி வசூலித்துவிட்டு, இரண்டாம் முறை கையேந்தினால் ஒருவரும் தரமாட்டார்கள்.

பாதி அல்லது அதற்கு மேல் நாம் கட்டினால் டெண்டர் இல்லாமல் நாமே வேலையைச் செய்யலாம் என்ற வசதியும் உண்டு. பலருக்கு இதில்தான் ஆசை. என் கருத்து: ஊரில் தினமும் கரையில் நிற்க ஒரு ஆள் இருந்தால் மட்டும் அந்த வழி. நாமே செய்தாலும் ஓவர்சியர் அளந்து எம்.புக்கில் (அரசு அளவுப் புத்தகம்) ஏற்றிய பிறகே அரசுப் பங்கு வரும். அதுவரை டீசல், வாடகை எல்லாம் நம் கைக்காசு. கத்தாரின் தோகாவிலும் சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் இருந்துகொண்டு டிப்பர் நடை எண்ண முடியாது.

முதலில் நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றும் இருக்கும். வருவாய்த்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஊரணி, குட்டை என்றால் ஊராட்சி. ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 100 ஏக்கருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியம். அதற்கு மேல் நீர்வளத்துறை. கோயில் தெப்பக்குளம் அறநிலையத்துறையின் தனிக்கதை, அதை இதில் கலக்க வேண்டாம். பெரிய கண்மாய்க்குப் பிடிஓவிடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. அவருக்கு அதில் கையெழுத்துப் போடும் அதிகாரமே கிடையாது.

அடுத்தது கிராமசபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தீர்மானத்தில் "ஊரணியைத் தூர்வாருதல்" என்று மட்டும் எழுதினால் போதாது. புல எண், பரப்பு, ஊரார் பங்கு கட்டச் சம்மதம் மூன்றும் வர வேண்டும். வேலையின் பெயர் தீர்மானத்திலும் எஸ்டிமேட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தீர்மானத்தில் 'பிள்ளையார் கோயில் ஊரணி', எஸ்டிமேட்டில் 'மேலத்தெரு ஊரணி' என்று இருந்தால் கோப்பு திரும்பி வரும். 'கோயில்' என்ற சொல் இருந்தாலே ஒரு கேள்வி கூடுதல். கோயில் பணிக்கு இந்தத் திட்டம் இல்லை என்பதால் பதிவேட்டுப் பெயரையே எழுதுங்கள்.

ஊராட்சித் தலைவர் இல்லாமல் எப்படி என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு, அடுத்த தேர்தல் நடக்கும்வரை, தலைவர் இடத்தில் தனி அலுவலர். கடிதங்கள் அவருக்கே போக வேண்டும். முன்னாள் தலைவரை மரியாதைக்குப் பார்க்கலாம், கூட்டத்துக்கும் அழைக்கலாம். கையெழுத்து அவருடையது ஆகாது. பழைய தாள் எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் ஊராட்சிச் செயலர்தான்.

விருப்பக் கடிதம் ஆட்சியருக்கு. ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். அதில் ஜிஎஸ்டி, தொழிலாளர் நலநிதி 1 விழுக்காடு, இதரச் செலவு எல்லாம் சேரும். ஹிட்டாச்சி வாடகையை மணிக்கணக்கில் பெருக்கிப் பார்த்து "இவ்வளவா?" என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் விலைப்பட்டியல் ஆண்டுதோறும் மாறும். எஸ்டிமேட் வந்து நாம் பணம் கட்ட ஆறு மாதம் இழுத்தால் புது விலையில் மறுபடி போடுவார்கள், நம் பங்கும் ஏறும். ஆகவே எஸ்டிமேட் கைக்கு வரும் நாளில் பணம் வங்கியில் தயாராக இருக்க வேண்டும்.

இனிப் பணம் அனுப்புவது. இதில் தவறினால் ஊரணி மட்டும் அல்ல, சங்கமே மாட்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எந்த நாட்டில் இருக்கிறார் என்பது பொருட்டே இல்லை. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத நம் சங்கம் அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பதிவு வாங்கலாமே என்றால், மூன்று ஆண்டு செயல்பாடும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக்கணக்கில்தான் வந்து விழ வேண்டும். பதிவு உள்ள வேறு அமைப்புக்குக் கொடுத்து நமக்கு மாற்றச் சொல்லலாமே என்று யாரும் யோசிக்க வேண்டாம், 2020 திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அந்த அமைப்பே நம் ஊரில் நேரடியாக ஒரு வேலையை எடுத்துச் செய்வது வேண்டுமானால் ஒரு வழி. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்துக் குடிமக்களான நம் சொந்தங்கள் வருத்தப்படாமல் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். "தம்பி கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன், அவன் கட்டட்டும்" என்பதும் வேண்டாம். உறவுக்குத் தரும் பணம் உறவின் செலவுக்கு. சங்க வசூலை அதற்குள் ஒளித்தால் தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வளைகுடாவில் உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். 2021இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் "என் கணக்கில் போடுங்கள், சேர்த்து அனுப்புகிறேன்" என்று எழுதுவது அங்கே சிக்கலை விலைக்கு வாங்குவது. அறைக்கு ஒருவர் வசூலிக்கும் பழைய வழக்கத்தை இத்தோடு நிறுத்துவோம். ஆளாளுக்குத் தன் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) நேரே சங்கக் கணக்குக்கு, குறிப்பில் 'ஊரணி பங்கு' என்று போட்டு. பாஸ்போர்ட் முதல் பக்க நகலைப் பொருளாளருக்குத் தனியாக அனுப்புங்கள், இந்தக் குழுவில் போட வேண்டாம்.

வேலைக்கான மாதம் சித்திரை முதல் ஆடி வரை. ஐப்பசியில் மழை பிடித்தால் சேற்றில் இயந்திரம் நிற்காது. அப்படிப் பார்த்தால் ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 சபையில் தீர்மானம், டிசம்பருக்குள் எஸ்டிமேட், ஜனவரியில் நம் பங்கு, மார்ச்சுக்குள் உத்தரவு. மே 1 சபையில் தீர்மானம் போட்டு அந்தக் கோடையிலேயே வெட்டலாம் என்பது நடவாத காரியம்.

– தோகா கிளை


மறு: ஊரணி வேலை – மண் கணக்கு

அண்ணன் தாள் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். மண் பக்கம் நான்.

ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் 4,047 கன மீட்டர், அதாவது 40 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம். வெட்டிய மண் உப்பும். நான்கில் ஒரு பங்கு கூடும் என்று வைத்தால் வண்டியில் ஏறுவது 5,000 கன மீட்டருக்கு மேல். மூன்று யூனிட் டிப்பர் 8.5 கன மீட்டர் கொள்ளும், ஆக ஏறக்குறைய 600 நடை. இத்தனை மண் எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் தொடங்கினால், கரை மேலேயே குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மழையில் பாதி உள்ளே திரும்பிவிடும்.

போக்கிடம் நம் வயல்தான். வண்டலும் களிமண்ணும் விவசாயத்துக்கு இலவசம். 2024இலிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம். ஏற்கெனவே உள்ள அளவு நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, அதாவது டிராக்டரில் 30 நடை. புன்செய்க்கு மட்டும் கொடுத்தால்கூட 45 ஏக்கருக்குக் குறையாமல் கரம்பை (குளத்து வண்டல்) அடிக்கலாம். வேண்டுவோர் பட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு) நகலோடு மனுவை முன்கூட்டியே கொடுத்துவிட்டால், அள்ளிக் கொண்டுபோகும் செலவு எஸ்டிமேட்டில் குறையும். செங்கல் சூளைக்கோ பிளாட் நிரப்பவோ ஒரு நடை போனாலும் இந்த அனுமதி செல்லாது.

வெட்டும் முன் லெவல் (தரை மட்ட அளவு) எடுத்தாக வேண்டும். 10 மீட்டருக்கு ஒரு கட்டம், ஒவ்வொரு முனையிலும் அளவு, எம்.புக்கில் பதிவு, கூடவே படம். வேலை முடிந்ததும் அதே புள்ளிகளில் மறு அளவு. முன் அளவு இல்லாத இடத்தில் ஒப்பந்தக்காரர் சொன்னதுதான் ஆழம்.

ஆழத்தில் பேராசை வேண்டாம். நம் பக்கத்து ஊரணிகள் நீர் பிடிப்பது அடியில் உள்ள களிமண் படுகையால். அதைக் குத்தி மணலைத் தொட்டுவிட்டால் மாசி மாதமே தண்ணீர் இறங்கிவிடும். சில இடங்களில் உப்பும் ஏறும். நான்கு இடத்தில் சோதனைக் குழி போட்டு, வண்டல் முடிந்து களி தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். உள்சரிவு ஒரு மீட்டர் ஆழத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் இருக்கட்டும், செங்குத்தாக வெட்டினால் கரை சரியும், மாடு இறங்காது, பிள்ளைகளுக்கும் ஆபத்து.

வரத்துக்காலை (ஊரணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) எஸ்டிமேட்டில் சேர்க்க மறக்காதீர்கள். ஊரணியை அழகாக வெட்டி, வரத்துக்கால் மேடாகவே கிடந்து, மழை பெய்தும் காலியாகக் கிடக்கும் ஊரணிகள் நிறைய. நில அளவரை வைத்து வரத்துக்காலின் இரு ஓரமும் கல் ஊன்றச் சொல்லுங்கள், ஆக்கிரமிப்புப் பேச்சு அப்போதே வெளியே வரும். ஊரணிக்குள் விழும் வாயில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டரில் ஒரு வண்டல் தொட்டி கட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை அதை மட்டும் அள்ளினால் போதும். கலுங்கு (மிகுதி நீர் வெளியேறும் வாய்) மட்டத்தை யாரும் உயர்த்தச் சொல்ல வேண்டாம். கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போகும்.

சீமைக்கருவேலம் வெட்டுவதைக் கூலிக்கு விடாதீர்கள். புறம்போக்கு மரம், ஊராட்சி ஏலம் விட வேண்டும், வருமானம் ஊராட்சிக்கு. ஏல நிபந்தனையில் 'வேரோடு' என்ற சொல் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் தழைக்கும்.

பதில் எழுதுகிறவர்கள் மூன்று விவரம் மட்டும் பொருளாளருக்குத் தனிமடலில் தாருங்கள்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ஆர்இயா என்ஆர்ஓவா, எவ்வளவு. ஊரில் பட்டா உள்ளவர்கள், கரம்பை எத்தனை ஏக்கருக்கு வேண்டும் என்பதையும்.

– ஜூரோங் கிளை